அன்னாசி போட்ட கோழிக்கறி ஏன் கசந்தது? பழத்தோடு இனிப்பு-காரக் கோழி செய்யும் முறை

கும்பகோணத்திலிருந்து வந்த கேள்வி இது: "பிள்ளைகளுக்கு இனிப்பும் காரமுமாகக் கோழிக்கறி வேண்டுமாம். ஒரு கிலோ கோழியில் தயிர், மிளகாய்த்தூள், அரைத்த அன்னாசிப்பழம் எல்லாவற்றையும் பிசறி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் சமைத்தால் கறி மாவு மாதிரி உதிர்ந்தது, குழம்பு கசந்தது. சர்க்கரை போட்டேன், பாயசம் மாதிரி ஆகிவிட்டது. நம் ஊரில் கிடைக்கிற பழத்தை வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்."

கோழியும் நல்லது, பழமும் நல்லது. பச்சை அன்னாசியைப் போட்ட வேளைதான் தப்பு. கறி உதிர்ந்ததற்கும் குழம்பு கசந்ததற்கும் காரணம் ஒன்றே. அன்னாசிப்பழத்தில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அறுத்துத் துண்டாக்குவது அதன் வேலை. நிறைய அன்னாசி சாப்பிட்டால் நாக்கு எரிவதில்கூட அதற்குப் பங்கு உண்டு. அரைத்த பழத்தைக் கோழியின் மேல் பூசினால் முதலில் மேல் சதையையும், நேரம் போகப் போக உள் சதையையும் அது கரைக்கும். ஃப்ரிட்ஜின் குளிர் அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. பத்து மணி நேரம் என்பது மிக அதிகம். நாரெல்லாம் அறுந்துபோன கறி வேகும்போது மாவாகத்தான் உதிரும்.

கசப்பு தயிரிலிருந்து வந்தது. பால், தயிரில் உள்ள கேசின் என்ற புரதத்தை இந்த நொதி வெட்டும்போது உண்டாகும் சிறு துண்டுகள் நாவில் கசக்கும். பச்சை அன்னாசியைப் பாலில் அடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துபோவதும் இதனால்தான். அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மறைக்க முடியாது. கசப்பு அப்படியே இருக்க, அதன் மேல் தித்திப்பு தனியாக ஏறி நிற்கும். உங்கள் குழம்பில் நடந்தது அதுதான்.

நல்ல வேளையாக இந்த நொதி சூடு தாங்காது. கொதிக்கிற பக்குவத்தில் ஐந்து நிமிடம் இருந்தால் போதும், செயல் இழந்துவிடும். டின்னில் அடைத்து வரும் அன்னாசியை ஏற்கெனவே சூடுபடுத்தியிருப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ரீசரில் வைத்த பழத்தில் உண்டு. ஆகவே பழம் முதலில் நெருப்பைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கறியைப் பார்க்க வேண்டும். ஊறவைக்கும்போது பழமும் வேண்டாம், தயிரும் வேண்டாம். உப்பும் மஞ்சளும் போதும்.

இன்னொன்றையும் மனதில் வாங்கிக்கொண்டால் அளவுகள் தானாகக் கைக்கு வரும். பழம் போட்ட கோழி என்றதும் பலரும் பழத்தை இனிப்புக்காகப் போடுவதாக நினைக்கிறார்கள். இந்தக் குழம்பில் அது புளியும் தக்காளியும் செய்கிற வேலையைச் செய்ய வேண்டும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியை நினைத்துப் பாருங்கள். புளிப்பு மாங்காயிலிருந்து, காரம் மிளகாயிலிருந்து, வெல்லம் இரண்டையும் இணைக்கிற அளவுக்கு. வத்தக்குழம்பில் கடைசியாக ஒரு துண்டு வெல்லம் போடுகிற கைக்கு இது புதுச் சமையலே இல்லை. பழம் புளிக்கு நிகர் என்று வைத்துக்கொண்டால், தக்காளியோ புளியோ இதில் போட வேண்டியதில்லை. பழத்தோடு அவற்றையும் போட்டு, புளிப்பு ஏறிவிட்டதே என்று சர்க்கரையைக் கொட்டுவதுதான் பாயசத்துக்குப் போகிற பாதை.

அன்னாசி வாங்கும்போது ஒரு சொல். தமிழ்நாட்டுச் சந்தைகளுக்குக் கொல்லிமலைப் பழமும் கேரளத்து வாழக்குளம் பழமும் வருகின்றன. வாழக்குளம் பழம் சிறியது, நல்ல வாசனை, இனிப்பு தூக்கல். பெரிய பழங்களில் சாறும் புளிப்பும் கூடுதலாக இருக்கும். குழம்புக்கு இரண்டும் ஆகும், வெல்லத்தின் அளவுதான் மாறும். அன்னாசி செடியை விட்டு வந்த பிறகு இனிக்காது. வீட்டில் நாலு நாள் வைத்தால் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். அடிப்பக்கத்தை மோந்து பார்த்து வாசனை வந்தால் வாங்குங்கள். புளித்த கள் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

இனி அளவு. நாலு பேருக்கு 750 கிராம் பிராய்லர் கோழி, தோல் நீக்கி, எலும்போடு, குழம்புக்கு வெட்டுகிற அளவில். முடிந்தால் தொடையும் காலும் மட்டும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி 15 நிமிடக் கொதியில் சக்கையாகிவிடும், தொடைக்கறி தாங்கும். தோலும் கண்ணும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 250 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை அரைத்துக்கொள்ளுங்கள், மீதியை அரை அங்குலத் துண்டுகளாக்குங்கள். சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 8 பல், இஞ்சி ஓர் அங்குலம், கறிவேப்பிலை இரண்டு கொத்து, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. மசாலாவுக்கு நீட்டு மிளகாய் வற்றல் 8, தனியா ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு டீஸ்பூன், சீரகமும் சோம்பும் அரை டீஸ்பூன் வீதம், சிறு துண்டு பட்டை, கிராம்பு 2. மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். தூள் உப்பு மொத்தம் 2 டீஸ்பூன், தலை தட்டி. வெல்லம் 15 கிராமில் ஆரம்பிக்கலாம், சிறு நெல்லிக்காய் அளவு. பாபநாசம் பக்கத்தில் வீரமாங்குடி, கணபதி அக்ரஹாரத்தில் காய்ச்சுகிற அச்சுவெல்லம் இதற்கு அருமையாக இருக்கும். வெள்ளைச் சர்க்கரை வெறும் தித்திப்பு, வெல்லத்தில் அடியில் ஒரு கனம் உண்டு. எந்த வெல்லமானாலும் இரண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டிவிடுங்கள், மண் இருக்கும்.

மிளகாய் எட்டு என்றதும் பயப்பட வேண்டாம். இனிப்பு காரத்தை அடக்கும். வெல்லம் சேர்க்கும் முன் ருசி பார்த்தால் குழம்பு உங்கள் வீட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் காரமாகவே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் மிளகாயை 5 ஆக்கி, நிறத்துக்கு ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள் சேருங்கள். மிளகைக் குறைக்க வேண்டாம். மிளகாயின் காரம் வேறு, மிளகின் காரம் வேறு, பழத்தோடு கூடிப்போவது மிளகு.

பாத்திரம் முக்கியம். இரும்பு வாணலியும் வெறும் அலுமினியச் சட்டியும் வேண்டாம். பழத்தின் அமிலம் பட்டு இரும்பில் கறுக்கும், இரண்டிலும் உலோக ருசி ஏறும். அடிகனமான எவர்சில்வர், நன்றாகப் பழகிய மண்சட்டி, நான்ஸ்டிக் எதுவும் சரி. மண்சட்டியானால் கோழியை வேறு வாணலியில் வறுத்துக்கொண்டு சட்டிக்கு மாற்றுங்கள், அதற்குப் பெருந்தீ ஆகாது.

கோழியைக் கழுவியதும் வடிதட்டில் போட்டுத் தண்ணீரை ஒட்ட வடியவிடுங்கள். ஈரம் இருந்தால் கறி சிவக்காது. ஒரு டீஸ்பூன் உப்பும் மஞ்சளும் பிசறி 20 நிமிடம் வையுங்கள். அதற்குள் மிளகாய், தனியா, மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வறுத்து, ஆறியதும் பொடியாக்குங்கள். மிளகாயைத் தனியாக, கடைசியில் வறுப்பது நல்லது. நெடி மூக்கில் ஏறியதும் இறக்கிவிட வேண்டும். கறுத்த மிளகாய் ஒன்று விழுந்தாலும் குழம்பு கசக்கும், அந்தக் கசப்புக்கு மருந்தில்லை. வறுக்க நேரமில்லாத நாளில் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டியும் தட்டிய மிளகு ஒரு டீஸ்பூனும் போட்டுச் செய்யலாம், ருசி ஒரு படி குறையும்.

வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் அன்னாசித் துண்டுகளைப் பரப்புங்கள். இரண்டு நிமிடம் கிளறாதீர்கள். அடி சிவந்ததும் திருப்பி இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுத்து வையுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலைதான். இந்த வேலையைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் பின்னால் 'பழம் தனியா, கறி தனியா இருக்கு' என்று சொல்வார்கள். சிவந்த ஓரத்தில் பழத்தின் இனிப்பு அடர்த்தியாகி லேசான காந்தல் மணம் வரும், அந்த மணம்தான் வறுத்த கறியோடு சேரும். துண்டில் இருக்கிற நீரும் வற்றுவதால் குழம்பில் போட்டபின் தண்ணீர் விடாது.

அதே வாணலியில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய், பெருந்தீ. கோழியை இரண்டு ஈடாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு அதிலேயே வெந்து வெளுத்துப்போகும். துண்டுக்குத் துண்டு இடம் விட்டு, ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம். நிறம் வந்தால் போதும், உள்ளே வேக வேண்டாம். எடுத்து வையுங்கள். பழத்தின் சர்க்கரை வாணலியில் ஒட்டியிருந்தால் இந்தக் கட்டத்தில் கருகப் பார்க்கும். பழுப்பாக இருந்தால் குழம்புக்கு நிறம், கறுத்துவிட்டால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மீதி எண்ணெயில் கறிவேப்பிலை, அரிந்த சின்ன வெங்காயம் போட்டு ஓரம் சிவக்க வதக்கி, தட்டிய இஞ்சி பூண்டு சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். தீயைக் குறைத்து மசாலாப் பொடியைப் போட்டு ஒரு நிமிடம். காய்ந்து பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். உடனே அரைத்த அன்னாசியை ஊற்றி, தீயை ஏற்றிக் கொதிக்கவிடுங்கள். நொதி அடங்க வேண்டிய ஐந்து நிமிடம் இதுதான். குமிழி பெரிதாகி, கரண்டியை இழுத்தால் தடம் நின்று, எண்ணெய் ஓரத்தில் பிரிய வேண்டும். அதுவரை கோழியைப் போடாதீர்கள்.

பிறகு கோழி, வடிந்த சாறு, மீதி உப்பில் முக்கால் டீஸ்பூன், 125 மில்லி வெந்நீர். மூடி போட்டுச் சிறு தீயில் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். பெரிய துண்டை எலும்போரம் கீறிப் பார்த்தால் சிவந்த நீர் வரக்கூடாது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் கணக்கு. மூடியைத் திறந்து, கரைத்த வெல்லத்தையும் வறுத்த பழத்துண்டுகளையும் போட்டு, நடுத்தர தீயில் ஐந்து நிமிடம் சுண்டவிடுங்கள். வெல்லம் விழுந்தபின் அடுப்பை விட்டு நகரக்கூடாது, அடி பிடிப்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான். வெல்லத்தை முதலிலேயே போடாததற்குக் காரணமும் அதுவே. மசாலா கறியில் பூசினாற்போல் ஒட்டி, அடியில் இரண்டு மூன்று கரண்டி கெட்டிக் குழம்பு நின்றால் இறக்கலாம். பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஆறும்போது குழம்பு இன்னும் இறுகும், அடுப்பிலேயே முழுக்க வற்றவிட வேண்டாம்.

இறக்குமுன் ருசி பார்க்கிற வரிசை: முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பு போதவில்லை என்று தோன்றினாலும் முதலில் மீதிக் கால் டீஸ்பூன் உப்பைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறை அதுவாகத்தான் இருக்கும், உப்பு சரியானதும் பழம் இனிக்கத் தொடங்கும். அப்படியும் வேண்டுமென்றால் இன்னும் 10 கிராம் வெல்லம் வரை போகலாம். தித்திப்பு மிஞ்சிவிட்டால் மிளகாய்த்தூளைக் கொட்டாதீர்கள், பச்சை வாடை அடிக்கும். அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சரியாகும். காரம் மிஞ்சினால் அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், அடுப்பைக் குறைத்து, கொதிக்கவிடாமல். பழம் முன்பே வெந்திருப்பதால் கசக்காது. கொதித்தால் மட்டும் திரியும். குழம்பு நீர்த்திருந்தால் கறியை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் பெருந்தீயில் சுண்டவைத்துத் திரும்பச் சேருங்கள், கறியோடு சேர்த்து வற்றவிட்டால் கறி விறைக்கும். அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

அன்னாசி கிடைக்காத நாளில் என்ன செய்வது என்றால், மாம்பழக் காலத்தில் அன்னாசியைத் தேடவே வேண்டாம். கிளிமூக்கு மாங்காய் செங்காயாக, உள்ளே மஞ்சள் ஏறி இன்னும் கெட்டியாக இருக்கும்போது, இந்தக் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான பழம் இல்லை. புளிப்பும் இனிப்பும் ஒரே துண்டில் இருக்கும், பெரும்பாலும் வெல்லமே வேண்டாம். பெரிய துண்டாக நறுக்கி, கடைசி ஏழு நிமிடம் மட்டும். அரைத்துவிட ஒரு கைப்பிடி மாங்காயை வேகவைத்துக்கொள்ளுங்கள். நன்கு கனிந்த மாம்பழம் கரைந்து கூழாகும், ஜூஸ் விட்ட குழம்பாகத்தான் வரும்.

வாழை நம் பக்கத்துப் பழம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் படுகைத் தோட்டங்களிலிருந்து தார் தாராக வருகிறது, ஆனாலும் எல்லா ரகமும் இதற்கு ஆகாது. ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் குழையும். தோல் மஞ்சளாகி உள்ளே கெட்டியாக இருக்கிற நேந்திரன் மட்டும் சரி. அரை அங்குல வில்லைகளாக எண்ணெயில் சிவக்க வறுத்து, இறக்கும்போது சேருங்கள். வாழையில் புளிப்பு குறைவு என்பதால் அங்கே மட்டும் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, அரைத்த அன்னாசிக்குப் பதிலாக ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும், வெல்லத்தைப் பாதியாக்க வேண்டும். கொய்யாவுக்கும் இதே கணக்கு, பாதி பழுத்ததாக, விதைப்பகுதியை வழித்துவிட்டு. கறுப்புப் பன்னீர் திராட்சையை அரைத்தால் விதையும் தோலும் கசக்கும், கையால் பிசைந்து வடிகட்டிய சாறு கால் டம்ளர் போதும். சாத்துக்குடிச் சாறு கொதித்தால் கசப்பேறும். ஆகவே அடுப்பை அணைத்தபின் இரண்டு கரண்டி ஊற்றலாம், குழம்புக்கு அடிப்படையாக வைக்க முடியாது. பலாச்சுளை வேண்டாம். கோழி வாசனை, மசாலா வாசனை எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும்.

வெல்லத்துக்குப் பதில் ஐந்து பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் குழம்பு தடித்து, மினுமினுப்பாக வரும். விருந்தாளி வருகிற நாளைக்கு அது அழகு.

நாட்டுக்கோழியில் செய்ய நினைத்தால் முறையே மாறும். உப்பு, மஞ்சள், கொஞ்சம் தண்ணீரோடு குக்கரில் ஐந்து விசில் தனியாக வேகவைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரையே வெந்நீருக்குப் பதில் ஊற்றுங்கள். பழத்தைக் குக்கருக்குள் போடக்கூடாது, உருத்தெரியாமல் போகும். கறி மெத்தென்றாக வேண்டும் என்று பழத்தில் ஊறவைக்கும் ஆசை இருந்தால் அது நாட்டுக்கோழிக்கு மட்டும், அதுவும் அரைத்த பச்சைப் பப்பாளிக்காய் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம். பப்பாளியிலும் இதே வகை நொதிதான், தயிரோடு கலக்காதீர்கள். பிராய்லருக்கு இது எதுவும் தேவையே இல்லை, அது பிறவியிலேயே மெத்தென்றது.

தொட்டுக்கொள்ள என்றால் தோசையும் இடியாப்பமும் நன்றாகப் போகும். சோற்றுக்கு வேண்டுமானால் குழம்பை இரண்டு கரண்டி கூடுதலாக நிறுத்தி, வெந்த பொன்னி அரிசிச் சோறும் நறுக்கிய வெள்ளரிக்காயும் வையுங்கள். கூடவே புளி ரசம் வேண்டாம், பழத்தின் புளிப்பு நாக்கில் எடுபடாமல் போகும்.

மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். இனிப்பும் புளிப்பும் இருக்கிறது, கெடாது என்று எண்ண வேண்டாம், இவ்வளவு அளவு கறியைக் காக்காது. மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, மூடி, சிறு தீயில் கொதி வரும்வரை வையுங்கள். நேராகப் பெருந்தீயில் வைத்தால் வெல்லம் கருகும். எலும்பை நீக்கிப் பிய்த்துப் போட்ட கறியைத் தோசைக்கு நடுவில் வைத்து மடித்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் சாப்பிட்டுவிடுவார்கள். தோசை முறுகலானதும் கறியை வையுங்கள், முன்னதாக வைத்தால் ஈரத்தில் தோசை கிழியும்.